வராந்தா போனை எடுத்தவன்

1

ஒரு பையனின் அந்தரங்கம், அதைக் கேட்டு ஒரு பெண் சிரித்த சிரிப்பு, இரண்டும் சேர்த்து என்ன விலை என்கிறீர்கள்? ஒரு கோப்பை பார்லி சூப், அரைத் துண்டு உப்பு மீன். வரி தனி.

அந்த விலைக்குத்தான் இந்தக் கதையை வாங்கினேன். விற்றவள் பெய்லா. நியூயார்க்கின் புரூக்ளினில் எங்கள் யூதப் பேட்டையின் கல்யாணத் தரகர். இரண்டு கோப்பை சூப் கேட்டாள்.

"கதையில சாவு உண்டா?" என்றேன்.

"இல்ல."

"வீட்ட விட்டு ஓடறது?"

"நம்ம ஜனங்க எங்கய்யா ஓட முடியும்? எங்க ஓடினாலும் ஓய்வுநாளுக்கு, வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள, வீடு வந்து சேரணுமே."

"அப்போ ஒரு கோப்பைதான்."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். மன்ஹாட்டனின் வைரத் தெருவில் பேரம் கேட்டே வளர்ந்தவன் நான். எதையாவது சொன்ன விலைக்கு வாங்கிவிட்டால் அன்று சோறு இறங்காது. ஆனால் இந்தச் சரக்கில் ஏமாந்தேன். கதைக்கு முடிவு கிடையாது என்பதைச் சூப் கோப்பையை வழித்து முடித்த பிறகுதான் சொன்னாள்.

பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்றவில்லை. மாற்றினால் மட்டும் எங்கள் ஆட்கள் கண்டுபிடிக்காமல் விடுவார்களா?

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

"அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ப்ரூமா சன்னல் அருகே…"

(பெய்லா மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாங்காத சரக்கைக் கடையில் பரப்பக் கூடாது. அடித்துவிட்டேன்.)

"படித்திருப்பது வேறு, தகவல் கையில் இருப்பது வேறு. இன்று உலகத்து நூலகங்கள் அனைத்தும் நம் சட்டைப் பைக்குள்…"

(பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பேச்சு. மாலை போடுவதற்குள் மேடையிலிருந்து இறங்கிவிடுகிறேன்.)

ஆனாலும் சொல்ல வந்தது அதுதான். கடைப் பாஷையில் சொன்னால் இப்படி: இப்போதெல்லாம் வைரம் வாங்க வருகிறவர் கைபேசியில் எடை, நிறம், நேற்றைய விலை, முந்தாநாள் விலை எல்லாம் வைத்திருக்கிறார். கல்லை எடுத்துக் கையில் கொடுத்தால், "இதுல எது மேல் பக்கம்?" என்கிறார்.

மூன்றாவது தொடக்கம்: ஒரு தொலைபேசி மணி. இது நிற்கும் என்று தோன்றுகிறது. மணி அடிப்பதற்கு முன் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன்.

3

கெட்சல் வைர வியாபாரி. ப்ரூமா அவர் மனைவி. மகள் ஹிண்டா, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை. வயது இருபத்தாறு. எங்கள் பேட்டையில் ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு என்பது கடைவீதியின் மாலை ஆறு மணி. விலையைக் குறைத்தாவது தள்ளிவிடு என்று தெருவே யோசனை சொல்லும் நேரம்.

பையன் ஆன்ஷல். வடக்கே மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு வேதப் பாடசாலையில் படிக்கிறான். இருவரும் மூன்று முறை சந்தித்துவிட்டார்கள், முறைப்படி, மன்ஹாட்டனில் ஒரு ஓட்டல் முன்கூடத்தில். இரண்டு கோப்பை இஞ்சி சோடா, நடுவில் ஒரு மேசை, மேசை நடுவில் ஒழுக்கம்.

இரண்டாவது சந்திப்பில் பரிமாறுகிறவன் ஆன்ஷலுக்குச் சோடாவுக்குப் பதில் தக்காளிச் சாற்றைக் கொண்டுவந்து வைத்தான். ஆன்ஷல் ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

"ரொம்பப் பொறுமை உங்களுக்கு" என்றாள் ஹிண்டா.

"பாதி பொறுமை. மீதி, அந்த ஆளப் பாத்தா எனக்கு பயமா இருக்கு."

அவள் சிரித்தாள். மூன்றாவது சந்திப்பில் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். வீடு திரும்பி, "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். இருபத்தாறு வயதில் அவள் சொன்ன முதல் சரி.

தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் ப்ரூமாவின் கண்ணில் ஒன்று பட்டது. பையன் இருபத்துமூன்று வயதில் ஒரு பாடசாலையை விட்டிருக்கிறான். இருபத்துநாலில் இன்னொன்றில் சேர்ந்திருக்கிறான். நடுவில் ஒரு வருஷத்தைக் காணோம்.

எங்களிடம் வரன் விசாரிப்பது ஒரு கலை. பையன் வீட்டார் சில பெயர்களும் எண்களும் தருவார்கள். பெண்ணின் அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். ப்ரூமா எல்லோரையும் கூப்பிட்டாள்.

"ஆன்ஷலா? வைரம்ங்க!"

"அந்த ஒரு வருஷம் எங்க இருந்தான்?"

"அந்த வருஷமா… பையன் வைரம்ங்க."

வைர வியாபாரியின் பெண்டாட்டியிடம் வைரம் வைரம் என்றால் எத்தனை நாள் நம்புவாள்? கடைசி வழியைப் பிடித்தாள். அந்தப் பாடசாலையில் மாணவர்கள் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. வராந்தாச் சுவரில் ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. மணி அடித்தால் அந்தப் பக்கம் போகிறவன் எடுப்பான். யார் எடுப்பான் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

இப்போது மணி அடிக்கலாம்.

4

"ஹலோ?"

"தம்பி, ஒரு கல்யாண விஷயமா விசாரிக்கணும். உங்க இடத்துல ஆன்ஷல்னு ஒருத்தர் படிக்கறாராம். தெரியுமா உங்களுக்கு?"

மறுமுனையில் பின்னால் நூறு பேர் கத்திக் கத்திப் படிக்கும் இரைச்சல்.

"தெரியுங்க."

"சும்மா பாத்தா தலையாட்டற பழக்கமா, நல்லாவே தெரியுமா?"

"ஒரே அறைதாங்க."

"ஆண்டவன் புண்ணியம்! சொல்லுங்க, எப்படிப்பட்ட பையன்?"

"சுமார்."

ப்ரூமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் பேட்டையில் ஒருவன் இன்னொருவனைச் சுமார் என்று சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை.

"சுமார்னா?"

"காலைல எழுப்பறதுக்குள்ள உயிர் போயிடும். இரவல் வாங்கின புத்தகத்துல பென்சில்ல கோடு போடுவான்."

"கோவம் வருமா?"

"வரும். வந்தா பேச மாட்டான். அதுக்கு ரெண்டு வார்த்த கத்திட்டாலே தேவலைன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க."

"தான தர்மம்?"

"குடுப்பான். பாதி இரக்கம். மீதி, இல்லேன்னு சொல்ல வாய் வராது."

"அவங்க அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்னாங்களே?"

இருமல். "நீளம்தாங்க. அந்த வாய்தான் வேலைக்குப் போய் நாலு பிள்ளைங்கள வளத்துச்சு."

ப்ரூமா குரலைத் தாழ்த்தினாள். "நடுவுல ஒரு வருஷம் காணோமே, தம்பி. எங்க இருந்தான்?"



"அது அவசியம் தெரியணுமாங்க?"

"என் பொண்ணுப்பா."

"அப்ப சொல்லணும். அந்த வருஷம் அவனால எழுந்திருக்க முடியல."

"காலுல ஏதாவதா?"

"மனசுலங்க. அவங்க மாமா வீட்டுக் கீழறையில சுவத்தப் பாத்துப் படுத்துக் கெடந்தான். அப்புறம் டாக்டர்கிட்ட போனான். இப்பவும் காலைல ஒரு மாத்திரை. இப்ப நல்லா இருக்கான். திரும்ப வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல."

"இது… அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"மூணாவது தடவை பாக்கறப்போ சொல்லிடணும்னுதான் போனான். சொல்லல. பயம். அடுத்த தடவை சொல்லாம விட மாட்டான்."

"தம்பி, உங்க பேரு என்னப்பா?"

"இங்க ஒரே சத்தமா இருக்குங்க" என்றான். வைத்துவிட்டான்.

5

இங்கே கெட்டிக்கார வாசகர் ஒருவர் கை தூக்குகிறார். "எடுத்தது அந்தப் பையனேதானே? குரல் கூடவா அவளுக்குத் தெரியாது?"

நியாயமான கேள்வி. ஆன்ஷல் மூன்று முறை வாசலுக்கு வந்து ஹிண்டாவை அழைத்துப்போயிருக்கிறான். அந்த மூன்று முறையும் ப்ரூமா அவன் காலணி மெருகைப் பார்த்தாள், சட்டைக் கழுத்தைப் பார்த்தாள், வாசல் நிலையில் பதித்த வேதச் சிமிழைத் தொட்டு முத்தமிட்டானா என்று பார்த்தாள். பார்ப்பதற்கே நேரம் போதவில்லை, கேட்பது எங்கே?

அவன் ஏன் "நான்தான்" என்று சொல்லவில்லை? இதை எழுதிப் பார்த்தேன்.

"பெயரைச் சொல்லிவிட அவன் வாய் திறந்தான், ஆனால் ஏதோ ஒன்று…"

(அந்த ஏதோ ஒன்று என்னவென்று தெரியாமல் எழுதினால் அதற்குப் பெயர் இலக்கியம் அல்ல, கலப்படம்.)

எனக்குத் தோன்றுவது இது. அந்தப் பாடசாலையில் ஒரு பெஞ்சுக்கு இருவர், இருவருக்கும் ஒரே பக்கம். மூன்று வாரம் அந்தப் பக்கத்தோடும் ஒருவரோடொருவரும் சண்டை போடுவார்கள். உன் வாதத்தில் ஓட்டை இருந்தால் எதிராளி விரல் வைப்பதற்கு முன் நீயே விரல் வைத்துக் காட்டிவிட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. பத்து வருஷம் அப்படிப் பழகிய ஒருவனை "எப்படிப்பட்ட பையன்" என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? அதே பக்கங்கள், அவற்றின் உரைகள், உரைகளின் உரைகள், எல்லாமே என் கைபேசியிலும் இருக்கின்றன. தேடினால் கண் இமைப்பதற்குள் வந்து நிற்கும். ஆனாலும் என்னிடம் கல் வாங்க வந்தவரிடம், "கொஞ்சம் பொறுங்க, இதுல ஒரு கீறல் இருக்கு" என்று நானாகச் சொன்னதாக நினைவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணாமல் போன வருஷத்தை நான் வேறு விதமாக நிரப்பப் பார்த்தேன். நோயாளித் தாத்தாவுக்குப் பணிவிடை செய்தான் என்று ஒரு வரைவு. அநாதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான் என்று இன்னொன்று. படித்துப் பார்த்தால் என் குரல் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. "வைரம்ங்க, வைரம்ங்க." இரண்டையும் கிழித்துவிட்டேன்.

6

புதன்கிழமை மாலை. சமையலறையில் ஹிண்டா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். கெட்சல் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"கெட்சல், நாளைக்கு பெய்லாவக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடுவோம்."

"ஏன்? எல்லாரும் வைரம்கறாங்க."

"எல்லாரும் சொல்லுவாங்க. இன்னிக்கு ஒருத்தன் மாட்டினான். கூடவே இருக்கறவனாம். வாய்க்கொழுப்பப் பாரேன், சினேகிதனப் போய் சுமார்ங்கறான்! தர்மம் குடுக்கறது பாதி இரக்கமாம். மீதி, இல்லேன்னு சொல்ல வாய் வராதாம்."

கத்தி நின்றது. ஹிண்டா முதலில் கேரட்டைப் பார்த்தாள். பிறகு கன்னம் சிவக்கச் சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"அம்மா, அது அவருதான். இந்தப் பாதி, மீதி கணக்கு அவரோடது."

"எவரு?"

"ஆன்ஷல். நீ ஆன்ஷல்கிட்டயே ஆன்ஷலப் பத்தி விசாரிச்சிருக்கே."

ப்ரூமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "ஐயோ. அவங்க அம்மாவுக்கு வாய் நீளமான்னு வேற கேட்டேனே!"

கெட்சலுக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. "என்ன சொன்னான்?"

"நீளம்தான்னான்."

அவர் சிரித்து ஓயும்வரை ப்ரூமா காத்திருந்தாள். பிறகு அந்த வருஷத்தைச் சொன்னாள். கீழறை, சுவர், மாத்திரை, யாரும் எழுதிக் கொடுக்காதது. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

(முதல் வரைவில் ப்ரூமாவை ராட்சசியாக எழுதியிருந்தேன். வேலை சுலபம். ஆனால் இந்த இடத்தில் அவள் கை மேசை விரிப்பை மடித்து மடித்துப் பிரிப்பதைப் பெய்லா சொல்லியிருந்தாள். ப்ரூமாவுக்கு ஒரு தம்பி. அவனும் ஒரு நாள் படுத்தான். எழுந்திருக்கவில்லை. கெட்சல் வீட்டார் அந்தக் காலத்தில் ப்ரூமாவைப் பற்றி எத்தனையோ பேரிடம் விசாரித்தார்கள். ஒருவரும் அந்தத் தம்பியைச் சொல்லவில்லை. எல்லோரும் அவளை வைரம் என்றார்கள்.)

"சொன்னவன் அவனேன்னா, இதெல்லாம் நெசம்" என்றாள் ப்ரூமா.

"நெசம்தான்."

"அப்ப இன்னும் மோசம்டி."

"எனக்கு இன்னும் நல்லதாத் தோணுதும்மா."

மேசை மேல் இருந்தது ஒரே தகவல். ஒரு சொல் கூட மாறவில்லை. அம்மாவுக்கு அதில் தம்பியின் அறைக் கதவு தெரிந்தது. மகளுக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவன் தெரிந்தான். (ஹிண்டாவின் வகுப்பில் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள், ஒரு நாள் திடீரென்று வாக்கியமே… வேண்டாம். இவ்வளவு பொருத்தமாக வந்து உட்காரும் கல் பெரும்பாலும் போலி.)

கெட்சல் தொண்டையைச் செருமினார். "இத்தன வருஷத்துல தன் கல்லுல கீறல் எங்க இருக்குன்னு தானே காட்டின வியாபாரி ஒரே ஒருத்தனப் பாத்திருக்கேன்."

"அவன் என்ன ஆனான்?" என்றாள் ப்ரூமா.

"கடைய மூடிட்டான்."

"இதச் சொல்லத்தான் வாயத் திறந்தியா?"

"அவன்கிட்ட வாங்கின கல்ல இன்னும் விக்கல நான். விக்க மனசு வரல."

"கல்லுன்னா திருப்பிக் குடுக்கலாம், கெட்சல். இவள எந்தக் கடையில திருப்பிக் குடுப்ப?"

கெட்சல் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார்.  ப்ரூமா சொன்னது சரி என்று இந்த வரியை எழுதும்போதும் நினைக்கிறேன்.

ஹிண்டா கையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த தொலைபேசிக்குப் போனாள்.

"என்ன பண்றே?"

"விசாரிக்கப் போறேன்."

"பொண்ணே விசாரிக்கறதா? எந்த ஊர் வழக்கம்டி இது?"

"எல்லாரும் அவரப் பத்தி எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா. பயத்த வச்சுக்கிட்டே கேக்கறேன்."

முதல் தடவை எண்ணைத் தப்பாக அழுத்திவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

7

இங்கே மூன்று வழி பிரிகிறது.

ஒன்று: வேறொருவன் எடுக்கிறான். "ஆன்ஷலா? வைரம்!" ஹிண்டா வைத்துவிடுகிறாள். (சிரிக்க வைக்கும். அதற்கு மேல் தேறாது.)

இரண்டு: யாரும் எடுக்கவில்லை. ஆளில்லாத வராந்தாவில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது… (பரிசு வாங்கும் முடிவு. எனக்குப் பரிசு வேண்டும்தான். ஆனால் அந்தப் பாடசாலை வராந்தாவில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது.)

மூன்று: பெய்லா சத்தியம் செய்து சொன்னது. அந்த மாலை முழுவதும் ஆன்ஷல் அந்தத் தொலைபேசி அருகேதான் புத்தகத்தோடு நின்றிருந்தான். பக்கம் திருப்பவில்லை.

"ஹலோ?"

"ஒரு கல்யாண விஷயமா விசாரிக்கணும். ஆன்ஷல்னு ஒருத்தர். தெரியுமா உங்களுக்கு?"



"தெரியுங்க. ஒரே அறை."

"காலைல ஒரு மாத்திரைன்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

"மூணாவது தடவை பாத்தப்போ அத ஏன் சொல்லலையாம்? பயம்னு கேள்விப்பட்டேன்."

"பயம் உண்டு. ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு ரொம்பச் சிரிச்சுட்டிருந்தாங்க. அத நிறுத்த அவனுக்கு மனசு வரல."

ஹிண்டா தொலைபேசிச் சுருளை விரலில் சுற்றினாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

"மறுபடியும் படுத்துட்டார்னா?"

"படுக்கலாங்க. முன்னாடி அப்படி ஆனப்போ அவன் யாரையும் கூப்பிடல. கூப்பிடலாம்னே தெரியல. இப்ப கூப்பிடுவான். அந்த ஒரு வருஷத்துல படிச்சது அது ஒண்ணுதான்."

அவள் தலையாட்டினாள். தலையாட்டியது அவனுக்குத் தெரியாது என்பது மறந்துபோயிற்று.

"நானும் ஒண்ணு விசாரிக்கலாமா?" என்றான். "ஹிண்டான்னு ஒருத்தங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒரே வீடு."

"இதெல்லாம் கேட்டதுக்கப்புறமும் அவங்க சரின்னு சொல்வாங்களா?"

ஹிண்டா வாய் திறந்தாள். அதற்குள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. ப்ரூமா. ஹிண்டா ரிசீவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கெட்சல் நடுவில் புகலாமா என்று பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். ஹிண்டா கொடுத்தாள்.

"தம்பி. நான்தான். முந்தி பேசினவ."

"தெரியுங்க."

"எனக்கும் ஒண்ணு கேக்கணும்." ப்ரூமா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அந்த மாத்திரைய வெறும் வயித்துலயா போட்டுக்கற? வெறும் வயித்துல குமட்டும்ப்பா. குமட்டினா ஒரு நாள் விட்டுடத் தோணும். என் தம்பி அப்படித்தான் விட்டான். காலைல ஏதாவது சாப்பிடறியா நீ?"

8

பெய்லா இதோடு நிறுத்திக் காலிக் கோப்பையைக் காட்டினாள். அதற்கு மேல் தனக்கும் தெரியாது, அன்றோடு அந்த வரன் தன் கையை விட்டுப் போய்விட்டது, அவர்களே பேசிக்கொள்கிறார்கள் என்றாள். தரகு பற்றிய வருத்தம் குரலில் இருந்தது.

கல்யாணம் நடந்ததா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம் போதும். ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், சாப்பாட்டில் என்ன குறை என்பது உட்பட. நான் கேட்கவில்லை. அந்தத் தகவல் கைக்கு வந்துவிட்டால் இந்தச் சமையலறையில் நிற்பதை நிறுத்திவிடுவேன். இங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றால்தான் எனக்கு ஏதாவது புரியும் போலிருக்கிறது.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கணக்கை மட்டும் முடித்து உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

ப்ரூமா முதல் அழைப்பில் கேட்டவை: எடுத்தவனின் பெயர் நீங்கலாக எல்லாம் பைசல். பெயரும் பிறகு தெரிந்துவிட்டதால் அதுவும் பைசல்.

ஹிண்டா கேட்டவை: பைசல்.

ஆன்ஷல் கேட்டது, அவள் சரி என்பாளா: பாக்கி.

ப்ரூமா கடைசியில் கேட்டது, காலையில் ஏதாவது சாப்பிடுகிறாயா: பாக்கி.

ஆக மொத்தம் வர வேண்டியது, பதில் இரண்டு.